சிவப்பு மையில் ஒரு சுருக்கொப்பம்

உதில இரும் தம்பி. இல்லை, உள்ளுக்கு வேண்டாம். அந்தக் கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு, றோட்டால போறவைக்குத் தெரியத்தக்கதா இரும். உள்ளுக்கு இருந்து கதைச்சா ஒளிச்சுக் கதைக்கிறம் எண்டு வரும். வெளியில இருந்தா ஆரும் ஒண்டும் சொல்லேலாது. முப்பத்தைஞ்சு வருசம் இந்த ஊருக்கு விதானையா, கிராம சேவகரா இருந்தவன் நான். எங்கை இருந்து கதைக்கிறது எண்டதையும் உத்தியோகம்தான் எனக்குப் படிப்பிச்சது.

நீர் மங்கையற்கரசியின்ர மூத்தவர், ஜெயரூபன். சரிதானே? கண்ட உடன பிடிச்சிட்டன், அப்பிடியே கொப்பற்ர மூக்கு. தொண்ணூற்றெட்டில இஞ்சயிருந்து வெளிக்கிட்டனீர். உம்மட அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பித் தந்ததே நான்தான், ஞாபகம் இருக்கோ? இப்ப சுவிஸ் எண்டு கேள்விப்பட்டன். நல்லது. அது நல்ல அரசாங்கம் எண்டு சொல்லுகினம்.

நீர் ஊருக்கு வந்தது எனக்கு நேற்றே தெரியும். எனக்கு மட்டுமில்லை. நேற்றுப் பின்னேரம் ரெண்டு பேர் மோட்டார் சைக்கிள்ள வந்தவை, சிவில் உடுப்பு, புலனாய்வு ஆக்கள். கூழாவடிக்குளத்துக்கு ஆரோ வெளிநாட்டிலயிருந்து வந்திருக்காம், தெரியுமோ எண்டு கேட்டவை. தெரியும் எண்டன். என்ன அலுவலாம் எண்டு கேட்டவை. அது தெரியாது, ஆனா என்னட்டைத்தான் வருவார், வந்தாச் சொல்லுறன் எண்டன். ஏன் உப்பிடிப் பாக்கிறீர்? கேட்டவைக்கு மறுமொழி சொல்லாம விடேலுமே? இண்டைக்கு நாலு மணிபோல வாறம் எண்டு சொல்லிப் போட்டுப் போனவை. இப்ப மூண்டேகால். பறவாயில்லை, அதுக்குள்ள கதைச்சு முடிச்சிடலாம்.

இரத்தினம்! ரெண்டு தேத்தண்ணி கொண்டா! கேட்டிருக்காது. என்ர மனிசிக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வருசமாக் காது மந்தம் தம்பி. பக்கத்து வளவில கோழி கொக்கரிச்சாக் கேக்கும், நான் கூப்பிட்டாத்தான் கேக்காது. டொக்குத்தரிட்டையும் கூட்டிக்கொண்டு போனனான். அவர் ஒண்டுமில்லை எண்டிட்டார். சாப்பாடு நேரத்துக்குப் போடுவாள், வாய் திறக்க மாட்டாள். கேக்காத ஆள் என்னத்தைக் கதைக்கிறது? விடும்.

உம்மட அலுவலும் எனக்குத் தெரியும். இப்ப விதானையா இருக்கிற பிள்ளை சொல்லிப்போட்டுது. உம்மட தங்கச்சி நிரோஜினியின்ர விசயம். காணாமல் போன ஆக்களைப் பதியிற கந்தோரில கொம்மா பதிஞ்சவ. அவை என்ன சொல்லினம்? ரெண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் குடியிருப்பாளர் பட்டியல்ல பிள்ளையின்ர பேருக்கு நேர ‘வெளிநாடு சென்றுள்ளார்’ எண்டு கிடக்காம். அப்ப பிள்ளை உங்கட மகனோடதான் இருக்கும், இஞ்சை ஏன் தேடுறியள் எண்டு கேக்கினமாம். இந்த மாதக் கடைசிக்குள்ள வேற ஆதாரம் குடுக்காட்டிக் கோவையை மூடிப் போடுவினம். ரெண்டாயிரத்து எட்டு ஆவணி வரைக்கும் பிள்ளை இந்த ஊரில, தாயோட இருந்தது எண்டு அந்தக் காலத்து விதானை ஒரு கடிதம் தந்தா, கோவை மூடுபடாது. உதுக்குத்தானே வந்தனீர்?

தர ஏலாது தம்பி. கோவியாதையும். மனமில்லாம இல்லை. ஏன் ஏலாது எண்டு சொல்லுறன், நீர் படிச்ச பிள்ளை, விளங்கும்.

எண்பத்துமூண்டு ஆடிக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. நாட்டைப் பிரிக்கிறதுக்கு உடந்தையா இருக்கமாட்டன் எண்டு அரசாங்க உத்தியோகத்தர் அத்தினை பேரும் சத்தியம் பண்ண வேணும். பண்ணாட்டி வேலை இல்லை. எனக்கு அப்ப இருபத்தைஞ்சு வயசும் இல்லை, நியமனம் கிடைச்சுக் கொஞ்ச நாள். எங்கட மாவட்டக் கந்தோர் கச்சேரியில இருபது இருபது பேரா நிப்பாட்டினவை. கனபேர் வாயை மட்டும் அசைச்சவை. எனக்குப் பக்கத்தில நிண்டவர் இருமிக்கொண்டே முழுச் சத்தியத்தையும் முடிச்சவர். நான் சத்தமாச் சொன்னனான், எல்லாருக்கும் கேக்க. சம்பளம் வாங்கிறன், சட்டம் சொல்லுது, பிறகென்ன?

பிறகு என்ன நடந்தது எண்டு உமக்கே தெரியும். ஆமி முகாமை விட்டு எழும்பிப் போட்டுது, இயக்கம் வந்தது. பொலிசும் அவையின்ர, வழக்குக் கேக்கிற கோடும் அவையின்ர, வரியும் அவைக்கு. சம்பளம் மட்டும் கொழும்பிலயிருந்து வந்துகொண்டிருந்தது. ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு உத்தியோகத்தர் எல்லாரையும் கூப்பிட்டு, எழுப்பி நிப்பாட்டி, ஒரு உறுதிமொழி வாசிச்சவை. அதையும் நான் சத்தமாத்தான் சொன்னனான்.

நீர் சிரிக்கிறீர். ரெண்டு சத்தியமும் ஒரே வாயோ எண்டு நினைக்கிறீர். எனக்கும் ஒரு கிழமை சோறு இறங்கேல்லை தம்பி. யோசிச்சன். பிறகு என்ர சைக்கிள் களவு போச்சுது. உந்தப் படலை வாசலடியில விட்ட சைக்கிள். நான் சத்தியம் பண்ணின அரசாங்கம் அதைத் தேடித் தருமே? இவை ரெண்டு நாளில கள்ளனையும் சைக்கிளையும் கொண்டுவந்து வீட்டு முத்தத்தில நிப்பாட்டினவை. அண்டைக்கு எனக்கு விடை கிடைச்சுது. சட்டம் எழுதி வைச்சிருக்கிற இடம் ஒண்டு, சட்டம் நடக்கிற இடம் இன்னொண்டு. மனிசன் சீவிக்கிறது நடக்கிற இடத்தில. ஆர் என்னைக் காக்கினமோ, ஆர் என்ர கண்ணுக்கு முன்னால நிக்கினமோ, அவைக்கு நான் கட்டுப்பட்டவன். இதில என்ன பிழை? எனக்குச் சொல்லும். ஒரு அரசாங்கத்துக்கு ஏன் கட்டுப்படவேணும் எண்டு இந்த ஊரில வேற ஆர் யோசிச்சவை? நான் யோசிச்சனான்.

இந்தக் குணம் எனக்கு இண்டைக்கும் மாறேல்லை. ஆரிட்டையும் கேட்டுப் பாரும், விதானையார் ஒரு அரசாங்கத்துக்கும் துரோகம் செய்யேல்லை எண்டுதான் சொல்லுவினம்.

என்ன, தங்கச்சியின்ர கதைக்கு வரட்டோ? வாறன், வாறன்.

வீட்டுக்கொரு ஆள் வேணும் எண்டு இயக்கம் கேக்கத் தொடங்கின காலம். கொம்மா ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டோட வந்து நிண்டவ. கொப்பரும் இல்லை, நீரும் இல்லை, அவவும் பொட்டையும் மட்டும். பொட்டைக்குப் பதினாறு. ‘விதானையார், இவளின்ர பேரைப் பட்டியல்ல போடாதையுங்கோ, இயக்கம் பாக்கும்’ எண்டு காலில விழப் பாத்தவ. போன வருசம் இருந்த பேர் இந்த வருசம் சும்மா இல்லாமப் போகாது, தம்பி. பேரை எடுத்தாக் குறிப்பு எண்ட கட்டத்தில காரணம் எழுத வேணும். இறந்தார், கலியாணம் முடித்தார், வெளிநாடு சென்றார். கலியாணம் எண்டா மாப்பிளையின்ர பேர் கேப்பினம். இறந்தார் எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை, பச்சைப் பிள்ளை. நீர் வெளியில இருக்கிறீர்தானே, ஆரும் நம்புவினம். ‘வெளிநாடு சென்றுள்ளார்’ எண்டு நான்தான் எழுதினனான். என்ர யோசினைதான். கொம்மா என்னைக் கும்பிட்டவ.

அது பொய்தான். ஆனா ஆருக்குச் சொன்ன பொய்? அந்தப் பட்டியல் போறது கச்சேரிக்கு, கச்சேரியால கொழும்புக்கு. இஞ்சை ஒரு மாட்டை மறிக்கக்கூட ஏலாத அரசாங்கம் அது அப்ப. என்னை வந்து காக்க ஏலாதவைக்கு என்ர உண்மையில என்ன உரித்து? அப்பிடித்தான் நினைச்சன்.

பிள்ளை ஒரு வருசம் வீட்டோட இருந்தது. பள்ளிக்கூடமும் இல்லை. வேலியால போகேக்க நான் காணுறனான், ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நிக்கும். ஆரின்ர செருப்புச் சத்தம் கேட்டாலும் ஓடி ஒளிக்கும், எனக்கு ஒளிக்காது. ‘விதானை மாமா, நான் இப்ப எந்த நாட்டில நிக்கிறன்?’ எண்டு பகிடி விடும். நானும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு நாடு சொல்லுவன். ஒருநாள் நோர்வே, ஒருநாள் கனடா. குளிருது மாமா எண்டு சிரிக்கும். நல்ல பிள்ளை தம்பி. நல்ல பிள்ளை.

ரெண்டாயிரத்து எட்டு ஆவணியில, இயக்கத்தில பொறுப்பா இருந்த இசையமுதன் எண்டவர் என்ர கந்தோருக்கு வந்தவர். கண்ணாடி போட்ட மெல்லிய ஆள், ஐயா எண்டுதான் கூப்பிடுவார். என்ர பட்டியல்ல ஒரு பிரதியைக் கொண்டுவந்து மேசையில வைச்சார். ‘ஐயா, இதிலயிருந்துதான் நாங்கள் ஆக்களை எடுக்கப்போறம். விபரங்கள் சரியெண்டு கீழ உறுதிப்படுத்திக் கையெழுத்து வையுங்கோ’ எண்டார். வெருட்டேல்லை. துவக்கு, ஆயுதம் ஒண்டும் கொண்டுவரேல்லை. பேனையைத் தந்தார், அவ்வளவுதான்.

கையெழுத்து வைச்சிருக்கலாம். ஓம், வைச்சிருக்கலாம். ஆனா நான் வாசிக்காம ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்கிறேல்லை. முதலாம் வீட்டிலயிருந்து வாசிச்சுக்கொண்டு வந்தன். நாப்பத்தோராம் வீட்டில கண் நிண்டுபோச்சுது. மங்கையற்கரசி, பக்கத்தில நிரோஜினி, வெளிநாடு சென்றுள்ளார். கீழ என்ன எழுதியிருக்கு? ‘மேற்குறித்த விபரங்கள் யாவும் உண்மையானவை என உறுதிப்படுத்துகிறேன்.’ பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு, எனக்கு முன்னால நிக்கிற அரசாங்கத்துக்கு, எப்பிடி தம்பி கையெழுத்து வைக்கிறது? கையெழுத்துப் பொய்யாப் போனா ஒரு உத்தியோகத்தனிட்டை மிஞ்சிறது என்ன?

சிவப்பு மைப் பேனையை எடுத்தன். ‘வெளிநாடு சென்றுள்ளார்’ எண்டதை ஒரு கோட்டால வெட்டினன். மேல ‘வீட்டில் இருக்கிறார்’ எண்டு எழுதினன். வெட்டித் திருத்தினாப் பக்கத்தில சுருக்கொப்பம் வைக்க வேணும், பேரின்ர முதலெழுத்தை மட்டும் சின்னனா. அதுதான் விதி. வைச்சன். பிறகுதான் கீழ முழுக் கையெழுத்து வைச்சன். இசையமுதன் அந்தச் சிவப்புக் கோட்டைப் பாத்தவர். ‘நன்றி ஐயா’ எண்டு மடிச்சுக்கொண்டு போனவர். திரும்பிப் பாத்தா இரத்தினம் சாப்பாட்டுப் பாத்திரத்தோட வாசல்ல நிக்கிறாள். அந்தக் காலம் கந்தோர் வீட்டுக்கு முன் அறையிலதானே. எவ்வளவு நேரமா நிண்டவளோ தெரியாது.

அடுத்தநாள் மத்தியானம் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டினம்.

ஏன் எழும்புறீர்? இரும். இரும் தம்பி, றோட்டால ஆக்கள் போகினம். நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உமக்குத்தான் முதல் முதல் சொல்லுறன். பொய் சொல்லி உம்மைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே? நேர்மையா இருக்கிறன் எண்டு நீர் சந்தோசப்பட வேணும்.

கொம்மாவுக்குத் தெரியாது. அண்டைக்கு அவ நேர இஞ்சைதான் ஓடி வந்தவ. ‘ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்கள் விதானையார்’ எண்டு இந்த முத்தத்தில மண்ணை அள்ளி எறிஞ்சு திட்டினவ. காட்டிக் குடுத்தவன்ர குடும்பம் விளங்காமப் போக, கடைசி நேரத்தில அவனுக்குத் தண்ணி குடுக்க ஆள் இல்லாமப் போக எண்டு. நான் தண்ணி வார்த்துக் குடுத்தனான். குடிச்சவ. இண்டைவரைக்கும் கண்டாக் கும்பிடுறவ, நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன் எண்டு. எனக்கு அதுதான் தம்பி தாங்கேலாமக் கிடக்கு. அவ ஏசினாக்கூடப் பறவாயில்லை.

பிறகு கண்டனானோ எண்டு கேக்கிறீர்.

ஒருக்காக் கண்டனான். மார்கழி மாதம், எல்லாரும் இடம்பெயர்ந்து றோட்டில நிக்கிற நேரம். ஒரு உழவு மெசின் பெட்டியில பிள்ளையள் கொஞ்சப் பேர் இருந்தவை. தலைமயிர் கட்டையா வெட்டி, உடுப்பு அளவில்லாமப் பெரிசு. முதல் எனக்கு ஆரெண்டு மட்டுக்கட்டேலாமப் போச்சுது. ‘விதானை மாமா’ எண்டு கூப்பிட்டது. பகிடி ஒண்டும் விடேல்லை. ‘அம்மாட்டைச் சொல்லுங்கோ, நான் இருக்கிறன் எண்டு’ எண்டது. நல்லா இருக்கிறன் எண்டு சொல்லேல்லை. இருக்கிறன் எண்டு மட்டும்தான். உழவு மெசின் வெளிக்கிட்டிட்டுது.

இல்லை, சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? அப்பவே தெரியுது, ஆமி கிட்ட வந்திட்டுது, அரசாங்கம் மாறப் போகுது. இயக்கத்தில இருக்கிற ஆளின்ர சேதியை ஒரு அரச உத்தியோகத்தன் காவினான் எண்டு நாளைக்கு வந்தா? யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன். யோசிச்சு முடியிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுது.

இப்ப விளங்குதோ, ஏன் கடிதம் தர ஏலாது எண்டு? வீட்டில இருந்தது எண்டு எழுதினா, ரெண்டாயிரத்து ஏழில இந்த அரசாங்கத்துக்கு நான் பொய்ப் பட்டியல் குடுத்தவன். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா, மற்றவைக்கு நான் திருத்திக் குடுத்த கதை வரும். எனக்குப் பென்சன் தாறது இந்த அரசாங்கம். இப்ப எனக்கு முன்னால நிக்கிறதும் இந்த அரசாங்கம்தான். அதின்ர கோவையில பிள்ளை வெளிநாட்டில. அந்தக் கோவைக்கு எதிரா நான் எப்பிடி எழுதிறது?

அழாதையும். ஆம்பிளைப் பிள்ளை, றோட்டில போறவை பாக்கினம். சத்தியமாச் சொல்லுறன், எனக்கும் நெஞ்சுக்குள்ள இருக்கு. அந்தக் கட்டை மயிர் தலை எனக்கு மறக்குதில்லை. சாப்பிட இருந்தா வரும். இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.

இப்ப என்ன நேரம்? மூண்டே முக்கால்.

சரி. சரி, தாரும் அந்தப் பேனையை. இல்லை, சும்மா இரும், மனம் மாற முதல் எழுதுவம். இரத்தினம், அந்தக் கொப்பியை எடு! பாரும், இதுக்கு மட்டும் காது கேட்டு வந்திட்டாள். கொண்டுவந்து கையில தாறாள், பாரும். நான் முகத்தைப் பாத்து எத்தினை நாள்.

‘கூழாவடிக்குளம், நாற்பத்தோராம் இலக்க வீட்டில் வசித்த செல்வி நிரோஜினி, இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆவணி மாதம் வரை தன் தாயாருடன் அவ்வீட்டிலேயே இருந்தார் என்பதையும், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுப் பட்டியலில் வெளிநாடு சென்றதாகப் பதியப்பட்டது தவறு என்பதையும், அப்போதைய கிராம சேவகராகிய நான் அறிவேன்.’ காணுமோ? வாசிச்சுப் பாரும். அறிவேன் எண்டு போட்டிருக்கு, காணும். கொம்மாவின்ர பேரையும் போடுறன். திகதி போட்டாச்சு. இனிக் கையெழுத்து மட்டும்தான்.

அவை வந்தா நீர் காணி விசயமா வந்தனான் எண்டு சொல்லும். கொப்பற்ர காணிக்கு உறுதிப் பத்திரம் தேடுறன் எண்டு. நானும் அதையே சொல்லுறன். ஒண்டுக்கும் பயப்பிடாதையும், நான் இருக்கிறன். எங்கை, நான் கையெழுத்து வைக்கிறது கண்ணாடி இல்லாமச் சரிவராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு...

மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குதே? நாலு மணியாகேல்லையே இன்னும். எங்கட படலையிலதான் நிக்கிது.

வாங்கோ சேர், வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ. இரத்தினம், சேருக்குக் கதிரை! இருங்கோ சேர். ஓம் சேர், இவர்தான், நேற்றுச் சொன்னனே, ஜெயரூபன், சுவிசிலயிருந்து. என்ன அலுவலோ? காணி அலுவல் எண்டு சொல்லுவார் சேர். காணி இல்லை. காணாமல் போன தங்கச்சியின்ர விசயமா ஒரு கடிதம் கேட்டு வந்தவர். ஓம், இயக்கத்தில இருந்த பிள்ளை. இந்தாங்கோ, இதுதான் அந்தக் கடிதம். என்ர எழுத்துத்தான் சேர், இவர் அழுதவர், அதுதான் எழுதினனான். கையெழுத்து வைக்கேல்லை. வடிவாப் பாருங்கோ, கையெழுத்து இல்லை.

இவற்ர தாயோ? பேர் அதில இருக்கு சேர். உந்த ஒழுங்கையால நேர போனா மூண்டாம் வீடு. தனியத்தான் இருக்கிறா. இப்ப போனாலும் நிப்பா.